ஒன்பதும் ஒன்றும் பத்தைவிடப் பெரிசு

போன வாரம் ஒரு நாள் காலை, கோரைப்பாயில் ஒன்று முதல் பத்து வரை நீளம் ஏறுகிற எண் கட்டைகள் பத்தும் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தன. நாலரை வயதுப் பெண் ஒருத்தி ஒன்றாம் கட்டையை எடுத்து, இரண்டின் நுனியில் வைத்தாள். மூன்றோடு சரியாக நின்றது. மூன்றின் நுனியில் வைத்தாள், நான்கோடு நின்றது. அப்படியே ஒவ்வொரு படியாக ஏறி ஒன்பதுக்கு வந்தாள். எட்டு இடத்திலும் கட்டை பொருந்தியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் அவள் என் முகத்தைப் பார்த்து, "அத்தை, ஒம்பதும் ஒண்ணும் பத்தை விடப் பெரிசு" என்று சொல்லியிருந்தாள்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில் தெருப்பிள்ளைகள் ஒன்பது பேர் காலையில் மூன்று மணி நேரம் இருக்கிறார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வரை. பிள்ளைகள் சாமான்களைக் கையாண்டு தாங்களே கற்கும் மாண்டிசோரி முறையில் கணக்கு சொல்லித்தர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மா 1939 நவம்பரில் அடையாறுக்கு வந்தவர், உலகப்போர் காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தவர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய மலை அது. அவர் வடிவமைத்த சாமான்களைக் கடையில் முழு செட்டாக வாங்க என்னிடம் பணம் இல்லை. செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் எண் கட்டை. பத்துக் கட்டைகள், ஒன்று 10 செ.மீ., இரண்டு 20, மூன்று 30 என்று ஏறி, பத்தாவது ஒரு மீட்டர். ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வண்ணம். எல்லாக் கட்டையும் சிவப்பில்தான் தொடங்கும். மொத்தம் 55 பட்டை, அதில் சிவப்பு 30, நீலம் 25. இதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் பெயின்ட் வாங்கும்போது உதவும்.

மரத்துக்குப் போவதற்கு முன் பிவிசி பைப்பில் முயன்றேன். வயரிங் வேலைக்குப் போடுகிற முக்கால் இஞ்ச் பைப், பத்தடி நீளம் இரண்டு, கூடவே சிவப்பிலும் நீலத்திலும் இன்சுலேஷன் டேப். எல்லாம் சேர்த்து 210 ரூபாய். ரம்பத்தால் அறுத்து, முனையை உப்புத்தாளில் தேய்த்து, ஒரே நாளில் முடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. பாயில் வைத்ததும் உருண்டது. படிக்கட்டு அடுக்க ஒரு பக்க முனையெல்லாம் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். பிள்ளை ஆறாவதை வைக்கும்போது மூன்றாவது நகர்ந்திருக்கும். இன்னொரு குறை எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. பைப்புக்கு எடை இல்லை. ஒன்றைத் தூக்குவதும் பத்தைத் தூக்குவதும் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி. மீட்டர் நீளக் கட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, அலமாரியிலிருந்து பாய்வரை நடந்து வரும்போது பத்து என்பது எவ்வளவு பெரிது என்று தோளுக்கும் கைக்கும் தெரியவேண்டும். மே மாத வெயிலில் டேப்பின் பசை வழிந்து கையெல்லாம் ஒட்டியதும், சரி, மரம்தான் என்று முடிவுசெய்தேன்.

தெருமுனையில் கார்பென்டர் அண்ணன் பட்டறை இருக்கிறது. மரக்கடையில் ஒரு இஞ்சுக்கு ஒரு இஞ்ச் பைன் ரீப்பர், பத்தடி நீளம் இரண்டு வாங்கினேன். அடி 16 ரூபாய், மொத்தம் 320. இழைத்தபின் கனம் முக்கால் இஞ்சும் ஒரு நூலும் வந்தது (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). மூன்று வயதுக் கை பிடிக்க அது போதும். நான் ஒரு தாளில் 10, 20, 30 என்று சென்டிமீட்டரில் எழுதிக்கொடுத்தேன். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நமக்கு இஞ்சுதான் கைல நிக்கும், நான் மாத்திப் போட்டுக்கறேன்" என்றார். சரி என்றேன். நான் செய்த பெரிய பிழை அந்த இடத்தில்தான். அவர் மாற்றி எழுதியதை நான் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். கூலி 500.

பெயின்ட் வேலை நான் செய்தேன். எனாமல் பெயின்ட், ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் போட்டிருப்பதாகப் பார்த்து எடுத்தேன். முதலில் கட்டை முழுக்கச் சிவப்பு இரண்டு கை. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, நீலம் வரவேண்டிய இடத்தை விட்டு மற்றதில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மேலே நீலம். டேப்பைப் பிரித்தால் ஓரமெல்லாம் நீலம் கசிந்து பல்பல்லாக இருந்தது. இதற்கு ஒரு வழி இருக்கிறது, அண்ணன் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் பையன் சொன்னது: டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் அதே சிவப்பை மெல்லிசாக ஒரு தடவு தடவவேண்டும். கசிவதாக இருந்தால் சிவப்புதான் கசியும், சிவப்பின் மேல் சிவப்பு தெரியாது, ஓரம் அடைபட்டுவிடும். அப்புறம் நீலம். நீலம் முழுசாகக் காய்வதற்கு முன்பே, தொட்டால் லேசாக ஒட்டுகிற பதத்திலேயே டேப்பை உரிக்கவேண்டும். அதற்குப் பிறகு ஓரம் கத்தியால் வெட்டினாற்போல வந்தது.

வாசனை போக ஐந்து நாள் மொட்டைமாடி நிழலில் வைத்தேன். ஜூன் முதல் வாரம் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். ஒரு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. அடுக்கினார்கள், விரலால் பட்டையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். பத்தை உண்டாக்கும் வேலை வந்தபோதுதான் தெரிந்தது. ஒன்பதோடு ஒன்று, எட்டோடு இரண்டு, ஏழோடு மூன்று, ஆறோடு நான்கு என்று பத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அந்தப் பெண் எட்டையும் இரண்டையும் வைத்தாள், சரியாக இருந்தது. ஏழும் மூன்றும், ஆறும் நான்கும் சரி. ஒன்பதோடு ஒன்றை வைத்தாள். நுனி வெளியே வந்தது. கட்டையைக் கையால் தள்ளிப் பார்த்தாள், மறுபக்கம் ஒழுங்காக இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தாள், திரும்பி வந்து விரலை வைத்துத் தடவினாள். அப்புறம்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

நான், "கொஞ்சந்தானேம்மா, பரவாயில்ல" என்றேன். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அவள் ஒன்றும் சொல்லாமல் கட்டைகளைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டாள். அடுத்த நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் கண்டது உண்மை. மரம் சொன்னதை அவள் படித்தாள், நான் அதை மறுத்தேன். இந்த முறையில் பிள்ளையின் தவறை ஆசிரியர் சுட்டிக்காட்டுவதில்லை, சாமானே காட்டிக்கொடுத்துவிடும். சாமானில் பிழை இருந்தால் பிள்ளை சரியாகச் செய்ததும் தவறாகத் தெரியும்.

அன்று ராத்திரி டேப்பை எடுத்து எல்லாவற்றையும் அளந்தேன். 4, 7¾, 11¾, 15¾, 19¾, 23½, 27½, 31½, 35½, 39¼ இஞ்ச். அண்ணன் சென்டிமீட்டரை மாற்றி, பக்கத்தில் இருக்கிற கால் இஞ்சுக்குக் கொண்டுவந்திருக்கிறார். 10 செ.மீ. என்பது நாலு இஞ்சுக்கு அரை நூல் குறைவு. அது மேலே போய் 4 ஆகிவிட்டது. ஒரு மீட்டர் 39 இஞ்சும் மூன்று நூலும். அது கீழே இறங்கி 39¼. தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கட்டையிலும் ஒரு நூலுக்கு மேல் பிழை இல்லை. கதவுக்கோ அலமாரிக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒன்பதும் ஒன்றும் சேர்ந்தால் 39½, பத்தைவிடக் கால் இஞ்ச் அதிகம். ஐந்தோடு ஒன்றை வைத்தாலும் ஆறைவிடக் கால் இஞ்ச் நீளும். இரண்டாவது கட்டையும் அதே அளவு குட்டைதான். ஒன்று ஒரே ஒரு கட்டை என்பதால் அவள் கைக்கு அது அகப்படவில்லை.

மறுநாள் காலை ஒன்பதையும் ஒன்றையும் பத்தையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் மேசையில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "எவன் கண்டுபிடிச்சான்?" என்றார். சொன்னேன். "நாலரை வயசா?" என்று மறுபடி கேட்டார். அப்புறம், "டீச்சர், இது மீட்டரா இருந்தே ஆகணுமா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் எனக்கே கேட்டிருக்கவில்லை. யோசித்தால், பிள்ளைக்கு வேண்டியது ஒன்றின் சரியான இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஒன்று எவ்வளவு நீளம் என்பது இப்போதைக்குப் பெரிய விஷயம் இல்லை. மாண்டிசோரி அம்மா இத்தாலிக்காரர், மீட்டர் புழங்கிய நாட்டுக்காரர். அண்ணனுக்கு இஞ்சும் நூலும்தான் கை. அவர் கைக்கு வருகிற அளவிலேயே செய்தால் பிழை வராது. ஒன்று 4 இஞ்ச், இரண்டு 8, மூன்று 12, பத்து 40.

மறுபடியும் மரம் வாங்கவேண்டுமே என்று நின்றபோது அவர் சொன்ன யோசனையை நான் மறக்கமாட்டேன். "எல்லாத்தையும் ஒரு படி எறக்கிருவோம். பத்த ஒம்பதாக்கு, ஒம்பத எட்டாக்கு. பத்துக்கு மட்டும் புதுசு." 39¼ இஞ்சை 36-ஆக வெட்டினால் ஒன்பது. 35½-ஐ 32-ஆக வெட்டினால் எட்டு. அப்படியே கீழே வந்தால் 7¾-ஐ 4-ஆக வெட்டி இன்னொரு ஒன்று கிடைக்கிறது. அது தொலைந்தால் மாற்று. புதிதாக வேண்டியது நாலடி ரீப்பர் ஒன்று, 64 ரூபாய். கூலியாக 200 மட்டும் வாங்கினார், அதையும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

வெட்டும்போது இரண்டு விஷயம் கவனித்தோம். ஒன்று, நாலு இஞ்ச் கட்டையையே அளவுகோலாக வைத்து வைத்து நகர்த்தி அடையாளம் போடக்கூடாது. பென்சில் கோட்டின் தடிப்பு ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போகும். முதலில் அப்படிப் போட்டுப் பார்த்ததில் நாற்பது இஞ்சில் இரண்டு நூல் தள்ளியிருந்தது. டேப்பை ஒரு முனையில் மாட்டி, 4, 8, 12 என்று ஒரே ஓட்டத்தில் குறிக்கவேண்டும். இரண்டு, கட்டர் பிளேடு ஒரு வெட்டுக்கு ஒரு நூல் மரத்தைத் தின்னும். கோட்டின் மேல் வெட்டாமல், கோட்டுக்கு வெளியே வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து இறக்கினோம். ஒவ்வொரு முனையையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். வெட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இரண்டு கட்டை முட்டும் இடத்தில் சந்து தெரியும்.

பழைய பெயின்ட்டை முழுசாகச் சுரண்ட முயன்று ஒரு நாளை வீணாக்கினேன். எனாமல் உப்புத்தாளில் அடைத்துக்கொள்கிறது. மேல் மினுமினுப்பு போகும்வரை 220 நம்பர் தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே அடித்தால் போதும். பெயின்ட், பிரஷ், டேப், தாள் எல்லாம் இரண்டு முறைக்கும் சேர்த்து 395. ஆக பைப்பில் தொடங்கி முடிவுவரை 1,689 ரூபாய். நேராக நாலு இஞ்ச் கணக்கில் போயிருந்தால் 1,150-க்குள் முடிந்திருக்கும். இன்னொரு செட் செய்தால் பத்தடி ரீப்பர் இரண்டை இப்படிப் பிரிப்பேன்: ஒன்றில் 40, 36, 32, 8, மற்றதில் 28, 24, 20, 16, 12, 4. பிளேடு தின்பது போக, இரண்டாவதில் ஒரு அடிக்கு மேல் மிஞ்சும்.

எண் கட்டை செய்துகொண்டிருந்தபோதே உப்புத்தாள் எண்களும் செய்தேன். பச்சை அட்டையில் உப்புத்தாளால் வெட்டிய 0 முதல் 9 வரை. பிள்ளை இரண்டு விரலால் எழுதும் போக்கிலேயே தடவும். தாளின் பின்பக்கம் வரைந்து வெட்டினால் சுலபம் என்று 2, 3, 4, 5 எல்லாவற்றையும் வரைந்து வெட்டித் திருப்பினேன். எல்லாம் இடம் வலம் மாறிக் கிடந்தது. பின்பக்கம் வரைவதாக இருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரையவேண்டும். 120 நம்பர் தாள் விரலைச் சிவக்க வைத்தது. 220 நம்பர் சரியாக இருந்தது. கத்தரி மழுங்கிவிடும், பழையதை எடுத்துக்கொள்ளவேண்டும்.

பாடம் சொல்லும் விதத்திலும் தடுமாறினேன். மூன்று படி இருக்கிறது. "இது ஒன்று, இது இரண்டு, இது மூன்று" என்று பேர் சொல்வது முதல் படி. "இரண்டை எடுத்துக் குடு, மூன்றை ஜன்னல்கிட்ட வை" என்பது இரண்டாவது. "இது என்ன?" என்று கேட்பது மூன்றாவது. நான் நடுப்படியை அவசரமாகக் கடந்து மூன்றாவதுக்குத் தாவிக்கொண்டிருந்தேன். கேட்டதும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இப்போது நடுப்படியிலேயே நாள்கணக்கில் இருக்கிறேன். அதில்தான் விளையாட்டும் இருக்கிறது. ஐந்தைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடுவதும், எட்டைத் தலைமேல் வைத்து வருவதும் அதில்தான். தப்பான கட்டையைக் கொண்டுவந்தால் திருத்துவதில்லை. இன்னும் பேர் பதியவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுநாள் முதல் படியிலிருந்து தொடங்குகிறேன்.

அடுத்தது குச்சிப் பெட்டி. எண் கட்டையில் ஐந்து என்பது ஒரே பொருள். பெட்டியில் ஐந்து என்பது உதிரியான ஐந்து குச்சி, பிள்ளை தானே எண்ணிச் சேர்க்கவேண்டும். 0 முதல் 9 வரை பத்து அறை, குச்சி மொத்தம் 45. எண்ணிப் போட்டு முடிக்கும்போது கையில் ஒன்று மிஞ்சினாலோ குறைந்தாலோ எங்கோ தவறு என்று யாரும் சொல்லாமலே தெரியும். அதனால் தினம் காலையில் 45 இருக்கிறதா என்று நான் எண்ணிவிடுவது ரொம்ப முக்கியம். மூங்கில் குச்சியில் தொடங்கினேன், முதல் நாளே ஒரு பையன் விரலில் சிம்பு ஏறியது. ஐஸ் குச்சிக்குக் கனம் இல்லை. கடைசியில் சீவாத பென்சில் ஐந்து டப்பா, 250 ரூபாய். ஒன்பது பென்சிலைச் சேர்த்துப் பிடித்தால் சின்னக் கை நிறைந்துவிடுகிறது. எண்ணிய பென்சில்களை ரப்பர் பேண்டால் கட்டாமல் துணி நாடாவால் கட்டச் சொல்கிறேன், ரப்பர் தெறிக்கிறது.

பூஜ்ஜிய அறை காலியாக இருப்பதை முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றரை வயதுப் பையன் ஒருவன் அதில் ஒரு பென்சிலைப் போட்டுவிட்டு, "அது பாவம்" என்றான். அவனுக்காக ஒரு விளையாட்டு. "என்கிட்ட மூணு தடவை வா." வந்தான். "ரெண்டு தடவை கைதட்டு." தட்டினான். "பூஜ்ஜியம் தடவை குதி." குதித்தான். மறுபடி சொன்னேன், மறுபடி குதித்தான். நாலாவது நாள் குதிக்கத் தயாராக முழங்காலை மடக்கியவன் அப்படியே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் பென்சிலை எடுத்துவிட்டான்.

இப்போது பத்துகளில் இருக்கிறோம். பொன்னிற பிளாஸ்டிக் மணி, 8 மி.மீ., பத்துப் பத்தாகக் கம்பியில் கோத்தது. பத்துக் கம்பியைச் சேர்த்துக் கட்டினால் நூறின் சதுரம். குன்றிமணி அழகாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். அது விஷம், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. பிளாஸ்டிக் மணியிலும் அளவு ஒரே சீராக இல்லை. கோத்த கம்பிகள் 78 முதல் 83 மி.மீ. வரை வந்து சதுரம் கோணிக்கொண்டது. கட்டை கற்றுக்கொடுத்த பாடம் நினைவில் இருந்ததால் எல்லாவற்றையும் உருவி, இரண்டு ஸ்கேலுக்கு நடுவே ஒவ்வொரு மணியாக உருட்டிப் பொறுக்கினேன். 250-இல் 60 கழிந்தது. மிஞ்சிய 190-இல் ஒரு சதுரமும் ஒன்பது தனிக் கம்பியும்.

இங்கே தமிழ் கொஞ்சம் காலை வாருகிறது. இருபது, முப்பது, நாற்பது என்று ஒழுங்காக எண்பதுவரை பிள்ளைகள் ஏறிவிடுகிறார்கள். இரண்டு பத்து, மூன்று பத்து என்று சொல்லிலேயே இருக்கிறது. தொண்ணூறு வந்ததும் 'நூறு' என்று காதில் விழுகிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு சொல் இருந்ததை இவர்களுக்கு எப்படிச் சொல்வது. அதே பெண் நேற்று ஒன்பது கம்பியையும் வரிசையாக வைத்து எண்ணி, "தொண்... நூறு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நூறின் சதுரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கம்பிகளை ஒவ்வொன்றாக அதன் மேல் அடுக்கினாள். கடைசியில் ஒரு வரிசை மூடாமல் பளபளவென்று தெரிந்தது. அதில் விரலை ஓட்டினாள்.

"அத்தை, ஒண்ணு பத்தல. இன்னொரு பத்து குடு."

மணி தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை கடைவீதிக்குப் போய் இன்னொரு பாக்கெட் வாங்கவேண்டும். இந்த முறை ஸ்கேலையும் கையோடு கொண்டுபோகிறேன்.